பத்தொன்பதாவது சரம்

எங்கள் ஊரில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தனி நாடு கேட்டுத் துப்பாக்கி எடுத்த ஒரு சின்ன இயக்கத்துக்கு அவர் தலைவராக இருந்தவர். இயக்கம் போய்விட்டது, பட்டம் போகவில்லை. திரும்பிப் போனால் அங்கே சிறை. அதனால் இருபது வருடமாக, ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் தென்னந்தோப்பு வீட்டில் குடியிருக்கிறார். திங்கட்கிழமை தோறும் அவர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஆலங்குடி நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். காலை ஒன்பது இருபதுக்குக் கிளம்புவேன். பதினைந்து வருடம் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவரை ஏற்றிக்கொண்டுபோய் நிலைய வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமைகள் எல்லாம் என் டைரிகளில் இருக்கின்றன. இப்போது புரட்டினால் கை எரிகிறது.

அவருக்கு அந்த வீட்டைத் தோப்புக்காரரிடம் பேசி வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான். காரணம் என் அண்ணன்.

அண்ணன் பம்புசெட் மெக்கானிக். ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் வரைக்கும் எந்தக் கிணற்றில் எஞ்சின் நின்றாலும் ஆள் அனுப்புவார்கள். கடன் வாங்கிப்போகிறவர்கள் மாற்றிவிடக் கூடாது என்று தன் ஸ்பானர்கள் எல்லாவற்றின் கைப்பிடியிலும் அரத்தால் மூன்று கோடு கீறி வைத்திருப்பான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன், அப்போது எனக்குப் பதினைந்து வயது, தலைவரின் ஆட்கள் வந்து கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு படகு எஞ்சின் மக்கர் செய்கிறது என்று அவனைக் கூட்டிப்போனார்கள். ரெண்டு நாளில் வாரேன் என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் போனான். மதினிக்கு அப்போது நாலு மாதம். அண்ணன் வரவில்லை. அக்கரைக்குப் போய்விட்டான், இயக்கத்தில் பெரிய மெக்கானிக்காக இருக்கிறான் என்று வாய்ச்செய்தி வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

தலைவர் இந்தப் பக்கம் வந்து ஒளிந்தும் ஒளியாமலும் இருக்கத் தொடங்கியபோது மதினிதான் சொன்னது: "அந்த ஆளு கண்ணுக்கு எதுக்க இருக்கட்டும் கொழுந்தனாரே. என்னைக்காச்சும் ஒரு தகவல் வாயில வராமயா போயிரும்?"

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, பொங்கலுக்குக் கரும்பு, காய்ச்சல் என்றால் கஞ்சி. எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டி அந்தச் சாலையை எத்தனை முறை கடந்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "தொடர்பு விட்டுப் போச்சு தம்பி. உயிரோட எங்கயாவது இருப்பான் எண்டு நினைப்பம்."

அவர் பிரமுகர். சென்னையிலிருந்து காரில் ஆட்கள் வந்து அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தியாகம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது கைத்தடியை ஒரு தடவை தரையில் தட்டுவார்.

மதினி பூ கட்டும். கீரமங்கலம் சந்தைக்குப் போகும் மல்லிகையும் சம்பங்கியும் எங்கள் வீட்டில் விடியற்காலையில் வந்து குவியும். முதல் முழம் மல்லிகையைத் தன் தலையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த முழத்தைத் தொடும். புருசன் இருக்கிறவள் வெறுந்தலையோடு பூ கட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை ஆனி மாதத்தில் தலைவர் தன் இயக்கத்தில் செத்தவர்களுக்கு விளக்கு வைப்பார். அன்றைக்குச் சம்பங்கிச் சரம் மதினி கட்டிக்கொடுக்கும். காசு வாங்காது. பத்தொன்பது சரம், ஒவ்வொன்றும் இரண்டு முழம்.

"பத்தொம்போதும் ஒரே அளவா இருக்கணுமாம்ல. ஒருத்தனுக்குக் கூடக் கொடுத்தா இன்னொருத்தன் கோவிச்சுக்கிருவான் போல" என்று சிரித்துக்கொண்டே நாரைப் பல்லில் கடித்து இழுக்கும். நான் டைரியில் எழுதுவேன்: தலைவர் வீட்டுக்குப் பூ, 19.

என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் அவர் ஒரு சிறு புத்தகம் போட்டார். அதன் கடைசிப் பக்கத்தில் உயிர் கொடுத்தவர்களின் பட்டியல். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்று அச்சகத்துக்கு அதைப் படியெடுத்துக் கொடுத்தவன் நான். பதினெட்டுப் பெயர். அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன். இரண்டு எண்ணும் என்னிடமே இருந்தன. ஒன்று பொதுவிளக்குக்காக இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அளவில் விரல்கடை தவறினால் மறுபடி அளவுச் சங்கிலி பிடிக்கச் சொல்கிறவன், இதைக் கேட்கவில்லை.

இந்த ஆனியில் தலைவர் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். எப்போதும் பூக்கூடையை வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறவர், இந்த முறை உள்ளறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"படங்களுக்குப் போட்டுவிடுங்கோ தம்பி. மிஞ்சிற ஒண்டை மூலையில இருக்கிற ஆணியில கொழுவி விடுங்கோ."

"அது யாருக்குங்க?"

"அது பொது."

பதினெட்டுப் படங்கள், மூன்று வரிசை. போட்டு முடித்தேன். மூலையில் ஒரு ஆணி. போன வருடத்துச் சரம் காய்ந்து நாராகத் தொங்கியது. அதை எடுத்துவிட்டுப் புதுச் சரத்தை மாட்டினேன். படம் இல்லை. ஆணிக்குக் கீழே மரப்பலகை, அதில் எண்ணெய் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் பத்துக்குப் பதினொன்று ஸ்பானர் ஒன்று. துரு ஏறாமல் துடைத்து வைத்திருந்தார். கைப்பிடியில் மூன்று கோடு.

அதை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எப்பங்க?"

போர்வையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எப்பன்னு கேக்குறேன்!"

"எங்களோட வந்து கொஞ்ச நாளிலயே" என்றார். "எஞ்சின் நடுக்கடலில நிண்டு போச்சு. அவன் குனிஞ்சு திருத்திக்கொண்டு நிக்கேக்க நேவிக்காரன் சுட்டான். எஞ்சினை ஓட வைச்சுவிட்டுத்தான் விழுந்தவன். நாங்கள் தப்பினது அவனாலதான். உடம்பைக் கடலில விட்டம்."

அப்படியென்றால் பெரிய மெக்கானிக் என்ற செய்தி? அனுப்பச் சொன்னது இவரே. உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் செத்தான் என்று தெரிந்தால் இந்தக் கரையில் யாரும் படகு தரமாட்டார்கள், டீசல் தரமாட்டார்கள் என்று பயம். சரி, அது சண்டைக்காலம். இருபது வருடம் எதிர்வீட்டில் இருந்தீர்களே, அப்போது யார் படகு வேண்டியிருந்தது என்று கேட்டேன்.

"பிறகு எப்படித் தம்பி சொல்லுறது? அந்தப் பிள்ளை சாப்பாட்டோட வந்து நிக்கேக்க..."

"சாப்புட மட்டும் முடிஞ்சுச்சுல்ல?"

எனக்கு வேறொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை. அச்சகத்தில் கேட்டார்கள்: "பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு போடணுமாங்க, வேணாமாங்க? அடிச்சுட்டா மாத்த முடியாது பாத்துக்கங்க." நான் அங்கிருந்தே தலைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதைப் போடாதேங்கோ. நம்பிக்கையை விடக் கூடாது" என்றார். போடவில்லை. மண்டபத்தில் மதினி ஆரத்தித் தட்டை எடுத்தபோது சொந்தக்காரி ஒருத்தி, "இன்னும் எத்தன வருசத்துக்கு இந்தப் பொட்டு?" என்று காதுபடக் கேட்டாள். மதினி திரும்பி, "ஒனக்கு அவசரமா இருந்தா நீ வந்து அழிச்சு விடு" என்றது. முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இவர்தான். அன்றைக்கு இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார்.

சாலையைக் கடந்து வீட்டுக்கு வந்தேன். மதினி சந்தைப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வது என்று வழியில் யோசித்ததெல்லாம் நிற்கவில்லை. ஸ்பானரைக் கூடையில் வைத்தேன். கோடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தது. தலைவர் சொன்னதை அப்படியே சொன்னேன், ஆணியையும் சேர்த்து.

மதினி அழவில்லை. விரலை மடக்கி ஏதோ எண்ணியது.

"அப்ப இருவது வருசமா அவருக்கும் நாந்தான் கட்டியிருக்கேன். தலையில பூவ வச்சுக்கிட்டு."

எழுந்து செருப்புக்கூடப் போடாமல் நடந்தது. நான் பின்னால் ஓடினேன். நேராக உள்ளறைக்குப் போய் ஆணியிலிருந்த ஈரச் சரத்தை எடுத்தது. கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முடிச்சு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தது. பூ கட்டுகிறவர்கள் கட்டிய சரத்தை அவிழ்ப்பதில்லை, பூ நைந்துபோகும். தலைவர் எழ முயன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, என்னை மன்னிக்க வேணும்..."

"தங்கச்சியா? ஏன்யா, ஒங்க படமெல்லாம் பேப்பர்ல வருது, இந்தப் பதினெட்டுப் புள்ளைகளுக்கும் பேரு இருக்கு, படம் இருக்கு. எம் புருசனுக்கு ஒரு ஆணியா?"

"போராட்டத்துக்காக..."

"எனக்கு நாடு வேணாம்யா. எனக்கு ஒரு நாளு வேணும். அவரு செத்த நாளு. நீங்க வெளக்கு வைக்கிற நாளு ஒங்களுது. அவரோட நாளச் சொல்லுங்க."

அவருக்குத் தேதி தெரியவில்லை. ஆனி, பிறை தேய்கிற நேரம், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடம் ஒரு ஸ்பானரைத் துடைத்து வைத்திருந்தவர், அந்த நாளைக் குறித்து வைக்கவில்லை.

மதினி உதிரிப்பூவை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்தது. "அடுத்த வருசம் பதினெட்டையும் நீங்களே கட்டிக்கங்க. நாரு வேணும்னா தாரேன்."

வீட்டில் பேச்சு தொடங்கியது. ஆனி அமாவாசைக்குத் திதி கொடுக்கலாம் என்றார்கள் பெரியவர்கள். மதினி சரி என்றது. அதோடு நிறுத்தாமல் சடங்குக்கு முன்னால் பொட்டையும் பூவையும் எடுக்க வேண்டும் என்றார் என் பெரியப்பா.

"அவரு போன அன்னைக்குச் சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். அன்னைக்குச் சொல்லாம வச்சுக்கிட்டாங்க. இப்ப எடுக்கச் சொல்ல யாருக்கும் பாத்தியத இல்ல. திதி ஒங்க விசயம். பூவு என் விசயம்" என்றது மதினி. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தலைவர் வேண்டுமென்றே என்னை உள்ளறைக்கு அனுப்பியிருப்பாரோ, சொல்ல வாய் வராமல் இப்படிச் செய்தாரோ என்று அண்ணன் மகள் போனில் கேட்டாள். இருக்கலாம். ஆனால் அந்தச் சலுகையை அவருக்குத் தர எனக்கு மனம் இல்லை. வாய் இருந்தது, தியாகத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசிய வாய்.

அமாவாசை முடிந்த திங்கட்கிழமை, ஒன்பது இருபதுக்கு நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன். தோப்பு வாசலில் தேய்த்த வெள்ளைச் சட்டையும் கைத்தடியுமாக அவர் நின்றிருந்தார். கால் இன்னும் சரியாகவில்லை. பத்தரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"தம்பி" என்றார்.

"ஒம்போது நாப்பதுக்கு பஸ் இருக்கு" என்றேன்.

வண்டியைக் கிளப்பி, கண்ணாடியில் பார்த்தேன். மதினி தலையில் முதல் முழத்தை வைத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கியிருந்தது. தலை நிமிரவில்லை. அவர் தடியை ஊன்றி நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.