ஆயுத பூசை வரை அணைக்காத சர்வர்

மகனின் கையில் வெடிமருந்து படக்கூடாது. மாடத்திக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். எம். புதுப்பட்டி வெடியாபீஸில், பட்டாசுக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்த அவர் கணவர் இருளாண்டி, ஒரு சித்திரை வெயிலில் அறையோடு சேர்ந்து எரிந்துபோனார். அதன் பிறகும் அதே வெடியாபீஸில் சரவெடி பின்னித்தான் மாடத்தி மகனைக் கம்ப்யூட்டர் படிக்க விருதுநகருக்கு அனுப்பினார். வேறு எங்கே போவார்? அந்த ஊரில் பசிக்கு இருந்த வாசல் அது ஒன்றுதான்.

மகன் பாண்டிராஜ் சிவகாசியில் தங்கச்சாமியின் அச்சாபீஸில் லேபிள் வரையும் வேலைக்குச் சேர்ந்தான். மத்தாப்புப் பெட்டிக்கு மயில், ராக்கெட் கட்டுக்குப் புலி. "இங்கன வெடிக்கிற வெடி எல்லாம் திரைக்குள்ளதாம்மா" என்று அம்மாவிடம் சிரிப்பான். மாடத்தி அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார்.

வரைந்த லேபிள்கள் அனைத்தும் ஒரே சர்வரில் இருந்தன. ஒவ்வொருவரும் தம் பெயரில் நுழைந்து, நெட்வொர்க் வழியாகத் தம் கோப்புகளை எடுப்பார்கள். ஒரு கம்பெனியின் புது லேபிள் தீபாவளிக்கு முன் இன்னொரு கம்பெனியின் கண்ணில் படக்கூடாது; சிவகாசித் தொழிலில் அது பெரிய ரகசியம்.

2008 ஆகஸ்டில், அந்தச் சர்வரைப் பராமரிக்கும் சீனிவாசகம் விருதுநகரிலிருந்து வந்தார். இயங்குதளத்தின் அடிப்படையான கெர்னலில், கோப்புகளைப் பகிரும் பகுதியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருந்தார்கள். அதை அடைக்கும் திருத்தத்தை ஏற்றினார். ஆனால் ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பினால்தான் புதியது வேலைக்கு வரும்.

"டீ குடிக்கிற நேரந்தான் அண்ணாச்சி."

"சீனி, போன பூசைக்கு நல்ல நேரம் பாத்து எழுப்புனது அது. சீசன் நடுவுல அணைச்சா யாவாரமும் சேந்து அணைஞ்சிரும். இந்த ஆயுத பூசைக்கு நிப்பாட்டுவோம்" என்றார் தங்கச்சாமி.

"அதுவரைக்கும் ஓட்டை?"

"எலுமிச்சம்பழம் கட்டியிருக்குல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிராஜ் மட்டும் மெதுவாகச் சொன்னான். "சாப்பாட்டு நேரத்துல நான் அணைச்சு எழுப்பிருதேன், முதலாளி."

"ஏலே, நீ மயிலுக்குத் தோகை வரை. அது போதும்."

சர்வரின் தலையில் சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது. ஓட்டையும் இருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டிய கைக்குக் கெர்னலைப் பற்றி என்ன தெரியும்? தெரியாதது குற்றமில்லை. தெரிந்தவன் சொன்னபோது சிரித்ததுதான் குற்றம்.

சீசனில் ஆர்டர் கொடுத்த கம்பெனி ஆட்கள், லேபிளைச் சீக்கிரம் வாங்க வரைபவரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப் பாண்டிராஜின் அருகில் உட்கார்ந்த ஒருவர் லேப்டாப்புடன் வந்திருந்தார். வாடிக்கையாளர் ஆயிற்றே! டீயும் வடையும் கொடுத்த கையோடு நெட்வொர்க் வயரையும் கொடுத்தார்கள்.

சில நாளில், வேறொரு கம்பெனிக்காகப் பாண்டிராஜ் வரைந்த மயில் லேபிள் அந்த வாடிக்கையாளர் கம்பெனியின் பெட்டியில் கடைக்கு வந்துவிட்டது. சர்வரின் பதிவைப் பார்த்தார்கள். மதியம் அந்தக் கோப்பை நகலெடுத்தவர்: பாண்டிராஜ். சீனிவாசகத்தை யாரும் கூப்பிடவில்லை. பெயர் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன?

"எம்புட்டுலே வாங்குன?"

"முதலாளி, அது சாப்பாட்டு நேரம். நான் பின்கட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

அவன் எப்போதுமே பின்கட்டில் தனியாகத்தான் சாப்பிட்டான். மற்றவர்கள் முன்னறையில் வட்டமாக உட்காருவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒருவனைப் பந்தியிலிருந்து தள்ளி வைத்தவர்களே, உனக்குச் சாட்சி எங்கே என்று அவனிடம் கேட்டார்கள்.

"வெடியாபீஸ்காரன் புத்தி போகுமா?" என்றது ஒரு குரல். அன்றே வெளியே அனுப்பினார்கள். மற்ற அச்சாபீஸ்களில் அவன் பெயரைச் சொன்னதுமே "ஆள் வேண்டாம்" என்றார்கள்.

ஆயுத பூசை வந்தது. சர்வரை அணைத்தார்கள், சந்தனம் வைத்தார்கள், மறுநாள் நல்ல நேரத்தில் எழுப்பினார்கள். அப்போதுதான் ஓட்டை அடைபட்டது. அதற்கு வந்திருந்த சீனிவாசகம் விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பதிவைத் தோண்டினார். பெயர் பாண்டிராஜுடையது, ஆனால் கோப்பை எடுத்த கணினி அச்சாபீஸில் உள்ளதே அல்ல.

"அந்த ஓட்டை வழியா யாரும் யார் பேருலயும் நுழையலாம் அண்ணாச்சி. வயரை மாட்டுன வெளியாள்தான் எடுத்திருக்கான். நம்ம பையன் இல்ல."

"இப்பக் கூப்பிட்டா, தப்பு நம்ம மேலன்னு ஊரு பேசும். விடு" என்றார் தங்கச்சாமி.

சீனிவாசகம் எம். புதுப்பட்டிக்கே போனார். மாடத்தி வாசலில் மகனின் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவை முழங்கை வரை வெள்ளியாக மின்னின. மருந்து செலுத்தும் அறையின் அலுமினியப் பொடி.

சீனிவாசகம் நடந்ததைச் சொன்னார். பாண்டிராஜ் கேட்டான்.

"முதலாளிகிட்டச் சொன்னீகளாண்ணே?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

சீனிவாசகம் எண்ணெய்க் கிண்ணத்தை மாடத்தியின் பக்கம் நகர்த்தினார். மாடத்தி மகனின் விரலிடுக்கை இன்னும் அழுத்தித் தேய்த்தார். எண்ணெய் கறுத்தது. வெள்ளி போகவில்லை.

"விடும்மா. காலையில மறுபடியும் ஒட்டத்தான போகுது" என்றான் அவன்.