அழைப்பு மணி அடிக்காத அத்தியாயம்

'முதுநிலை விபத்து ஆய்வாளர். புனையப்பட்ட விவரங்களைக் கண்டறிந்து நிராகரிப்பது இவர் பொறுப்பு' என்கிறது, காப்பீட்டு நிறுவனம் அவர் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கும் அட்டை. அந்த அட்டையோடுதான் அவர் மதியந்தோறும், விபத்து வண்டிகளைப் பார்வையிடப் போகும் பட்டறையில் தன் சின்னக் காருக்குள் உட்கார்ந்து, எங்கும் நடக்காத ஒரு கல்யாணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். "மேடம் ரிப்போர்ட் எழுதுறாங்க, மெதுவாத் தட்டுங்கப்பா" என்று மெக்கானிக் தன் ஆட்களை அடக்குகிறார். அந்த ரிப்போர்ட் ஒரு வார இதழில் தொடர்கதையாக வருவது அவருக்குத் தெரியாது.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சந்தேகக்கா. "நாய் குறுக்க வந்துடுச்சு மேடம்" என்று காரை நசுக்கிக்கொண்டு வந்தவர் சொன்னால், "எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு? அப்புறம் எங்க போச்சு?" என்பார். நாய் அங்கேயே கரைந்துபோகும். பிறர் கற்பனையை இப்படிப் பொடியாக்கிவிட்டு, சாப்பிட நேரமில்லாத நாளிலும் தன் கற்பனைக்கு ஒரு பக்கம் எழுதிவிடுவார். காய்ச்சலென்றாலும் விடமாட்டார். "ஒரு நாள் விட்டா அந்த ஆளுங்க மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறாங்க" என்பார், ஏதோ நாத்தனார்களைச் சொல்வதுபோல.

ஆனால் அந்த ஆட்கள் ஒருவரையொருவர் தொடப்போனால் போதும், அழைப்பு மணி அடித்துவிடும். மணி அடிக்காவிட்டால் பால் பொங்கும். இரண்டும் இல்லையென்றால் மின்சாரம் போய், அடுத்த வரியில் பொழுது விடிந்திருக்கும். 'உங்கள் கதை மாந்தருக்கு நல்ல எலக்ட்ரீஷியன் கிடைக்கமாட்டாரா?' என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார்.

போன வாரம் இதழாசிரியை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, அதுங்களுக்குக் கல்யாணமாகி மூணு அத்தியாயம் ஆச்சு. இந்த வாரமும் மணி அடிச்சா தொடரை முடிச்சுக்கலாம்."

சந்தேகக்கா உட்கார்ந்து எழுதினார். 'அவனது வலது கை அவளது இடது தோளைப் பின்புறமிருந்து நெருங்கியது. அப்போது அறையில் போதிய வெளிச்சம் இருந்தது.' படித்துவிட்டு இதழாசிரியை, "தப்பு யார் மேலன்னு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்கக்கா" என்றார்.

எழுதத் தெரியாமல் இல்லை. பயம். ஊர் என்ன சொல்லுமோ என்பதல்ல. ஊரை அவர் தினமும் குறுக்கு விசாரணை செய்கிறவர். முதல் வாசகர் கணவர். மருந்துக்கடைக்காரர், டாக்டர் சீட்டைப் படிக்கிற கவனத்தோடு சனிக்கிழமை காலைதோறும் சாப்பாட்டு மேசையில் அத்தியாயத்தைப் படித்து, "சரியா இருக்கு" என்று மடித்துக் கொடுப்பார். அவர் படிக்கும் நேரத்தில் இவர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவார். தாள் திரும்பும் சத்தம் காதில் விழக்கூடாது.

"இது யாரு கைன்னு கேட்டா பதில் சொல்லிடுவேன். அவர் கேக்கமாட்டார். கேக்காமலே இருப்பாரே, அதான் பயம்" என்றார் இதழாசிரியையிடம்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறையில் வேறு வழியில்லாமல், தனக்கு நடந்த ஒன்றை எடுத்தார். மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்த நாட்களில் கணவர்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார். காலைக் குளிரில் கணவரின் விரல்கள் சில்லிட்டிருக்கும். அவற்றை முதலில் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, பிறகுதான் பொத்தானைத் தொடுவார். கதையில் அந்த விரல்கள் பொத்தான்களைக் கழற்றின. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரும் மணி அடிக்கவில்லை.

எழுதி முடித்ததும் பயம் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. "வேற யாரோன்னு நினைச்சுடுவாரோன்னு இருந்துச்சு. இப்ப, தான்தான்னு தெரிஞ்சுடுமே. நம்ம ரூம் கதவை ஊருக்கே திறந்துவிட்டுட்டியான்னு நினைச்சா?" வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தாளை இரண்டு முறை கிழிக்கப் பார்த்தார். சாட்சியத்தை அழித்துப் பழக்கமில்லாத கை, கிழிக்கவில்லை.

சனிக்கிழமை காலை தாள்களை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போலப் போய்க் குழாயைத் திறந்தார். கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் தாள், இரண்டாம் தாள். மூன்றாவதில் நின்றுவிட்டார். வலது கை தானாக மேலே எழுந்து கழுத்தருகே போனது.

"ஏம்மா" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சந்தேகக்கா குழாயை மூடினார். ஈரக் கையோடு வந்து, அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.