ஆரணியில் விழுந்த குண்டும் ஒரு முழம் கருப்பு நூலும்

ஆரணிக்கு எல்லோரும் பட்டுப்புடவை எடுக்கப் போவார்கள். நான் போன மாதம் ஒரு வியாழக்கிழமை போனது வானத்திலிருந்து விழுந்த ஒரு குண்டுக்காக. இந்த வலைப்பதிவை வாசிக்கும் ஆரணி டீச்சர் ஒருவர் எழுதியிருந்தார்: “எங்க பக்கத்து வீட்டு நெசவாளர் ராக்கெட் உடைசலைத் தொட்டதிலிருந்து முடியாமல் இருக்கிறார். நீங்கள் இன்சூரன்ஸில் இருந்தவர்தானே, வந்து பாருங்கள்.”

இருபத்திரண்டு வருடம் சேதம் மதிப்பிடும் வேலையில் இருந்தவன் நான். வீடு எரிந்தது என்றால், கொளுத்தியது யார் என்றுதான் முதலில் யோசிப்பேன். இதையும் நஷ்டஈட்டு நாடகம் என்றே நினைத்தேன். ஆனால் டீச்சர் அனுப்பிய படத்தில் இருந்தது செயற்கைக்கோளின் எரிபொருள் தொட்டி மாதிரி இருந்தது. வானத்தைக் கண்காணிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் இரண்டு நண்பர்களிடம் காட்டினேன். குண்டு விழுந்த அன்று கீழே இறங்கியது ஒரு ராணுவச் செயற்கைக்கோளின் பாகமாகத்தான் இருக்கும் என்றார்கள் இருவரும். எந்த நாட்டுடையது என்று கேட்டால் ஆளுக்கொரு நாட்டைச் சொன்னார்கள்.

பூந்தமல்லியில் காலை 5.20க்குப் பேருந்து. ஆற்காடு, திமிரி வழியாக ஆரணி சேர 8.35 ஆனது. டிக்கெட் 128 ரூபாய். ஆற்காடு தாண்டினால் இடதுபக்க ஜன்னலில் வெயில் கொளுத்தும், வலதுபக்கம் உட்காருங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை 40 ரூபாய். சாம்பார் பரவாயில்லை.

யாராவது கேட்டால் திருமலை ஜைனக் கோவில் பார்க்க வந்தேன் என்று சொல்ல முடிவு செய்திருந்தேன். ஆட்டோக்காரர் அதற்கு இடம் தரவில்லை.

“திருமலைக்கு பஸ்ஸு ஏறணும் சார். நீங்க சொல்ற தெரு ரைஸ் மில்லாண்ட கீது. குண்டு பாக்க வந்தவருதான நீங்களும்?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மூணு வாரமா இதே சவாரிதான் அடிச்சிகினு இருக்கேன். யாரும் குண்டு பாக்க வந்தேன்னு சொல்றதில்ல. எல்லாரும் கோயிலுதான்.” இரண்டு கிலோமீட்டருக்கு 80 ரூபாய். பேரம் பேச எனக்கு முகம் இல்லை.

நெசவாளர் பெயரைக் கஜேந்திரன் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவி மல்லிகா வாசலிலேயே நிறுத்தி, என் ஆதார் அட்டையை வாங்கித் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் மற்றவர்களிடம் நான் செய்த வேலை அது. எதிர்ப்பக்கம் நிற்பது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கஜேந்திரனுக்கு நாக்கு தடித்திருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். “காலைல ஆறு, ஆறேகால் இருக்கும் சார். மில்லு களத்துல டமால்னு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா குடம் சைஸ்ல கருப்பா ஒரு குண்டு. பாம்னு எல்லாரும் பயந்துகினு நிக்கிறாங்க. எனக்கு அது மேல சுத்தியிருந்த நூலுதான் கண்ணுல பட்டுச்சு. அத்தினி சுத்துல ஒரு முடிச்சு இல்ல. முனை ஒண்ணு பிரிஞ்சி நின்னுகினு இருந்துச்சு. இழுத்தேன், வந்துச்சு.”

“அப்புறம்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மல்லிகாதான் சொன்னார். “வாயில வெச்சிட்டாரு சார்.”

தறியில் இழை அறுந்தால் முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, முறுக்கிப் பிணைப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அவர்களுக்கே கணக்கில்லை. பிரிந்து நிற்கும் முனையைப் பார்த்ததும் அவர் கை தானாக வாய்க்குப் போயிருக்கிறது. அன்று மாலையே நாக்கில் கொப்புளம், தொண்டையில் எரிச்சல், பிறகு வாந்தி. தொட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். ஈரலைப் பாதிக்கிற எரிபொருளும் உண்டு, ஒன்றும் செய்யாத வாயுவும் உண்டு. மூன்று வாரமாக ரத்தப் பரிசோதனை மட்டும் நடக்கிறது.

குண்டு எங்கே? “மத்தியானமே வந்து தூக்கிகினு போயிட்டாங்க. எந்த ஆபீஸுன்னு கேட்டா பதிலே இல்ல, ஒரு துண்டுச் சீட்டும் தரல. ஆனா கிளவுஸு, மாஸ்க்கு எல்லாம் மாட்டிகினு வந்தாங்க. அப்போ உள்ள இன்னா இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும்தான?” என்றார் மல்லிகா.

தெரியாததால்கூட மாட்டியிருக்கலாம் என்றேன். சொன்ன எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

இங்கே கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். விண்ணிலிருந்து விழுந்தது சேதம் செய்தால் ஏவிய நாடு பொறுப்பு என்று உலக ஒப்பந்தமே இருக்கிறது. முதலில் எந்த நாடு என்று தெரிய வேண்டுமே! ராணுவக் கோள் என்றால் பதிவேட்டில் ஒற்றை வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். அது பாதுகாப்பானதா என்று பெரும்பாலும் சோதிப்பதும் அவர்களே, சான்று கொடுப்பதும் அவர்களே. மாமியார் உடைத்தால் மண்குடம். அந்தக் கோளின் கண் எதைப் பார்க்கிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும், எனக்கு அக்கறை இல்லை. வயிற்றில் என்ன விஷம் இருக்கிறது என்பதை வெளியாள் ஒருவரிடமாவது எழுதிவைக்கச் சொல்லி ஒரு விதி வேண்டாமா? எரிபொருளின் பெயரைச் சொன்னால் எந்த எல்லை பறிபோகும்?

பேசிக்கொண்டே தறிப்பக்கம் பார்த்தேன். குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சுற்றும் சின்னக் குழல்களைத் தார் என்பார்கள். அரக்கும் மஞ்சளுமாக இருந்த தார்க்கூடையில், பாலித்தீன் பையில் கட்டிய ஒரு தார் கருப்பாக இருந்தது. பட்டின் பளபளப்பு அதில் இல்லை. நான் பார்த்ததை மல்லிகா பார்த்துவிட்டார்.

“அது வேற நூலு” என்றார். பிறகு கூடையிலிருந்து அந்தப் பையை எடுத்துக்கொண்டே கேட்டார்: “இது எங்ககிட்ட கீதுன்னு தெரிஞ்சா திருடினோம்னு சொல்லுவாங்களா சார்?”

“சொன்னாலும் சொல்லலாம்” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. சோதனைச்சாலையில் கொடுத்தால் ஏதாவது தெரியலாம் என்றும் சொன்னேன்.

அவர் அந்தப் பையை என் முன் வைத்தார், கையை எடுக்காமல். “எழுதிக் குடுத்துட்டு எடுத்துகினு போங்க. போன தபா வந்தவங்க எழுதித் தரல.” எழுதினேன்: பெயர் தெரியாத நூல், ஒரு முழம், பெற்றுக்கொண்டேன். கையெழுத்து, தேதி, போன் எண். இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

கிளம்பும்போது கஜேந்திரன் தறியில் உட்கார்ந்திருந்தார். ஓர் இழை அறுந்தது. கை பாதி தூரம் வாய்க்குப் போய் நின்றது. மல்லிகா ஒரு தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். 1.15க்குத் திரும்பும் பேருந்தைப் பிடித்தேன்.

ஆரணிக்குப் போகிறவர்களுக்கு: ரயிலில் வருவதானால், ஆரணி ரோடு ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. திருமலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பாறை சுடும். எந்த ஊரிலானாலும் வானத்திலிருந்து ஏதாவது விழுந்தால் கிட்டே போகாதீர்கள், காற்று வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். தூரத்திலிருந்தே படம் எடுங்கள். எடுத்துப் போக வருபவர்களிடம் எழுதி வாங்குங்கள்.

சோதனைச்சாலைக்காரர்கள் அது கார்பன் இழை என்றார்கள். அதில் பட்டிருந்தது எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும், செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். கஜேந்திரன் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருந்தேன். நேற்று பதில் வந்ததாகப் போன் செய்தார். அப்படி ஒரு பொருள் எங்கும் விழுந்ததாகப் பதிவு இல்லையாம். நாளை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம்.

“சார், விழவே இல்லாததுல இன்னா இருந்துச்சுன்னு டாக்டருகிட்ட நான் இன்னான்னு சொல்றது?”