வராமலே சர்டிஃபிகேட் கேட்ட பெண்

போன வாரம் இன்டர்வியூ நடத்தினேன். பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள்! வில்லியனூரில் போர்வெல் மோட்டார்களுக்கு பேனல் போர்டு செய்யும் என் சின்னப் பட்டறை. வந்தவர்கள், இன்டர்ன்ஷிப் கேட்ட டிப்ளமோ மாணவர்கள்.

முதலில் வந்த பையன்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "கத்துக்கணும்னு ரொம்ப இன்ட்ரஸ்ட் சார்!" எதை என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள்.

கடைசியாக வந்தவள் சுகன்யா. சேதராப்பட்டுப் பெண். உட்கார்ந்ததுமே சொன்னாள்:

"சார், நான் வர முடியாது. சர்டிஃபிகேட் மட்டும் குடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னாம்மா, கடையில தேங்கா கேக்குற மாதிரி கேக்குற?"

"இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பேக்கிங் வேல பாக்குறேன் சார், காலைல ஷிஃப்டு. நின்னா வேற ஆள வெச்சிருவாங்க. வூட்ல என் சம்பளம்தான். இன்டர்ன்ஷிப் இல்லன்னா டிப்ளமோ கெடைக்காது."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும்... "அதுக்காகப் பொய் சர்டிஃபிகேட்டா?"

போட்டாளே ஒரு போடு!

"எங்க சீனியர் அண்ணன் இங்கதான் வந்தாரு சார். டீ வாங்குனேன், பாக்ஸ் தொடைச்சேன், ஒரு வயரக்கூட தொடலன்னாரு. அவரு சர்டிஃபிகேட் மட்டும் நெசமா?"

அவள் சொன்னது உண்மைதான். போர்டைக் கெடுத்துவிடுவானோ என்று பயந்து, அந்தப் பையனை வயரிங் பக்கமே விடவில்லை. கடைசி நாளில் மட்டும் 'சிறப்பாகப் பயிற்சி பெற்றார்' என்று சீல் குத்தி அனுப்பினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று நாங்கள் — சின்ன முதலாளிகள் — டீக்கடையில் புலம்புவோம். ஆர்வத்தோடு வந்தவனுக்கு என்ன கொடுத்தோம்? அவமானமாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்குத்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? நான்தான். பட்டறையே இரவு எட்டு வரை ஓடுகிறது.

"ஷிஃப்டு எப்ப வுடும்?"

"ரெண்டு மணிக்கு சார்."

"சாப்ட்டுட்டு மூணரைக்கு வா. வயரிங் நானே சொல்லித் தரேன்."

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"ஒரு வாரம் வந்து பாக்குறேன் சார். டீ வாங்க அனுப்புனீங்கன்னா வேற எடம் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள். ஒரு வாரம் புரொபேஷன்... எனக்கு!