சபை கேட்காத பாட்டு

பழனிக்கு நடந்தது நானும் சாமுவேலும் மட்டும்தான். வரவேண்டிய என் அப்பா வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி முடித்தவன் நான். பாஸானால் அப்பாவும் பிள்ளையும் நடந்தே வருவார்கள் என்று அம்மா முருகனுக்கு நேர்ந்திருந்தாள். கிளம்பும் நேரத்தில் அப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"தனியா விடமாட்டேன் அப்பு" என்று அம்மா அழுதாள். காலேஜ் சிநேகிதன் சாமுவேல், "நான் கூடப் போறேம்மா" என்றான்.

"ஏலே, ஒங்க சர்ச்சுல திட்டமாட்டாகளா?" என்றேன்.

"பைபிள்ல யோனத்தான், சிநேகிதன் தாவீதோட உடன்படிக்கை பண்ணும்போது யார்ட்ட கேட்டான்? நடலே."

திண்டுக்கல்லிலிருந்து எனக்காக அவனும் வெறுங்காலோடு நடந்தான். ஞாயிறு காலை மலையடிவாரம் சேர்ந்தோம். அன்று சாயங்காலம் அவன் சர்ச்சில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. முதல்முறையாகச் சபை முன்னால் அவன் தனியாகப் பாடவேண்டும்.

"மேல நான் வரலடா, என் சாமி வேற. நீ இறங்குற வரைக்கும் இங்கனதான் இருப்பேன்" என்று என் செல்போனையும் பையையும் வாங்கிக்கொண்டான்.

கூட்டத்தில் வரிசை நகரவேயில்லை. இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். அதே படியோரத்தில், கொப்புளம் வந்த கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"போயிருக்கலாமேலே! பாட்டு?"

"இருப்பேன்னு சொன்னேன்ல. மொதல்ல டீ வாங்கிக் குடு."

பஸ்ஸில் அந்தப் பாட்டை என் காதருகே மெல்லப் பாடிக்கொண்டு வந்தான்.

இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான். சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்கையும் அவன் தன் கடவுள் முன்னால்தான் கொடுத்திருந்தான் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. எங்கள் வீட்டு நேர்த்திக்கடன் தீர ஆன மொத்தச் செலவு, அவன் சபை கேட்காமல்போன அந்த ஒரு பாட்டு.