ராட்சசன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வழி

களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவரின் மகளாகப் பிறந்த ஸ்வர்ணலதாவுக்கு, ஞாயிறு என்றால் அப்பா வீட்டில் இருக்கிற நாள். ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், தறிக்காரர் வீட்டில் அப்படி ஒரு நாளே கிடையாது என்று தெரிந்தது. அவள் புருஷன் குமரேசனின் பட்டுத்தறி நிற்பது அமாவாசைக்கு மட்டும். பிள்ளைகளுக்கு லீவு என்றால் அவனுக்குத் தறி. அவனுக்கு லீவு என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நாலு பேரும் சேர்ந்து வெளியே போனது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான்.

செய்யார் போகிற வழியில் தோப்புக்காரர் ஒருவர் மரத்துக்கு மரம், பிள்ளைகள் ஏறிப் பார்க்கிற மாதிரி கதை வீடு கட்டியிருந்தார். மகள் அமலாவின் வகுப்பில் பாதிப்பேர் பார்த்துவிட்டு வந்து அளந்துகொண்டிருந்தார்கள். "நான் எங்கப்பாகூடத்தான் போவேன்" என்று பிடிவாதம் பிடித்தாள் அந்த எட்டு வயதுப் பெண். வருகிற அமாவாசைக்கு அப்பாவோடு, உச்சியில் இருக்கிற ராட்சசன் வீடு வரைக்கும் ஏறலாம் என்று ஸ்வர்ணலதா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அமாவாசை வியாழக்கிழமை வந்தது. "ரெண்டுக்கும் வயித்துவலிங்க டீச்சர்" என்று போனில் ஒரு பொய். பிறகு செத்துப்போன மாமனார் மாமியாருக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்தால், காக்கையைக் காணோம்.

"ஊரெல்லாம் படையலு. அதுக்கு வயிறு ரொம்பிச்சி" என்று சிரித்தான் குமரேசன்.

"நீங்க சிரிச்சிகினே இருங்க, பஸ்ஸு போயிடும்."

ஒரு பஸ் போயே போய்விட்டது. அடுத்ததில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

தோப்புக்குள் போனதும் அந்த எரிச்சலெல்லாம் மறந்துபோனது. தூக்கத்தைத் தொலைத்த ராட்சசன் ஒருவனின் கதை, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியிருந்தது. முயல் வீட்டில் தலையணைக்கு அடியில் தேடினான், இல்லை. முதலை வாய்க்குள் நுழைந்து தேடினான், அங்கேயும் இல்லை. அமலா உரக்கப் படிக்க, தம்பி அன்பரசு கொட்டாவி விட்டுக் காட்ட, குமரேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே ஏறினான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து ஸ்வர்ணலதா பார்த்ததே இல்லை.

கடைசி மரம் பெரிய ஆலமரம். ராட்சசன் வீட்டு ஏணிக்குக் குறுக்கே சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

"அது சனி, ஞாயிறுதாம்மா. ஏறுறவங்களுக்கு மேல கயிறு புடிக்கிற ஆளுங்க அன்னிக்குத்தான் வருவாங்க" என்றார் காவலுக்கு இருந்த காத்தவராயன்.

"உள்ள வரும்போதே சொல்றதுக்கு இன்னாங்க?"

"வேலைநாள்ல யாரும்மா கொழந்தைங்கள இட்டுகினு வராங்க?"

"எங்களுக்கு இன்னிக்குத்தாங்க லீவு."

"அமாவாசைக்கு லீவா? அது எந்த ஆபீசு?"

"எங்களுக்கு வயித்துவலி" என்றான் அன்பரசு நடுவில் புகுந்து.

அமலா மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "தூக்கம் எங்க இருந்துச்சி தாத்தா?"

"மேல எழுதியிருக்கும் பாப்பா. எனக்கு முட்டி வலி. நான் ஏறினதே இல்ல."

"மூட்டைப்பூச்சி தூக்கிகினு போயிருக்கும்" என்றான் குமரேசன்.

"நீ பொய் சொல்ற."

"வுடும்மா. அடுத்த அமாவாசைக்கு வரலாம்."

ஸ்வர்ணலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்தது வெள்ளிக்கெழம வருதுங்க! அதுவும் வேலைநாளுதான்! இதுங்க வளந்து கல்யாணமாகிப் போறவரைக்கும் நாம அமாவாசைய எண்ணிகினு இருக்கணுமா?"

திரும்பி வரும்போது அமலா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்பாவோடு வெள்ளிக்கிழமையும் பேசவில்லை, சனிக்கிழமையும் பேசவில்லை. அப்பா தட்டில் தோசை வைப்பாள், வைத்துவிட்டுப் போய்விடுவாள். குமரேசன் வாங்கி வந்த மிக்சர் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

ஞாயிறு காலை அவன் தறிப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தான். குறுக்கே ஊடை நூலை ஓட்டுகிற நாடாக் கட்டை மூன்றையும் காணவில்லை.

"ஸ்வர்ணா, நாடா எங்க?"

"பையில." அவள் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்குத் தலைவாரி ஆகியிருந்தது.

"இன்னா வெளாட்டு இது? இந்த வாரம் பொடவய நெஞ்சி எறக்கணும். மொதலாளி கேட்டா?"

"என்கிட்ட அனுப்புங்க. பொண்ணு மூணு நாளா உங்ககிட்ட வாய் தொறக்கல. அதுக்கு எந்த மொதலாளி பதில் சொல்லுவாரு?"

"பேஜார் புடிச்சவடீ நீ."

"ஆமா. ஜல்தியா சட்டையப் போடுங்க."

கட்டின புருஷனின் தொழில் சாமானை எடுத்து ஒளித்துவைப்பதா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. வேறு எப்படி அவனை அந்தப் பள்ளத்திலிருந்து எழுப்புவது?

குமரேசன் சட்டையை மாட்டினான். மாட்டும்போதே முனகினான், தெருமுனை வரைக்கும் முனகினான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. "இதுக்குத்தான் நான் வர்றதில்ல" என்று யாரோ ஒருவரின் முழங்கையை விலக்கிக்கொண்டே சொன்னான். முகத்தை உர்ரென்றுதான் வைத்திருந்தான். அமலா இன்னும் அவனோடு பேசவில்லை. ஆனால் பஸ் திரும்பிய திருப்பத்தில், பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தும், அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.