மஞ்சள் விளக்கில் கட்டிய ஜரிகை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குள் இரண்டு தறி. நான் அப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞான டீச்சர். எங்கள் குடும்பத்தில் தறியில் உட்காராமல் தப்பித்த இன்னொரு ஆள் என் தம்பி. பழைய கார் ஒன்றை வாங்கி டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான்.

மார்கழியில் விடியற்காலை சவாரி போனால் பாலாற்றுப் பக்கம் பனியில் எதிரே மாடு நிற்பதுகூடத் தெரியாது. அதனால் முன்பக்கம் இரண்டு மஞ்சள் விளக்கு வாங்கி மாட்டினான். டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருந்த எலெக்ட்ரீஷியன்தான் அதை மாட்டிக் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அதிகம் பேசமாட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நான் குனிந்து பார்த்தேன். எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, விளக்கைத் தாங்கும் இரும்புப் பட்டையோடு சாதாரண வெள்ளை நாடாவால் கட்டியிருந்தார். டேப் ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருந்தது.

“வெறும் முறுக்குதானா? ஆட்டத்தில் நாலு நாளில் விட்டுப்போகும்” என்றேன்.

“நீதான் படிச்சவளாச்சே, நீயே போட்டுக் குடுக்கா” என்றான் தம்பி. அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஈயம் வைக்கும் கோலை எடுத்துவந்து அடுப்பில் காயவைத்தேன். எல்லா இணைப்பையும் பிரித்து, ஒயர்களைச் சுத்தமாகச் சுரண்டி, மறுபடி முறுக்கி ஈயம் வைத்தேன். டேப்புக்குப் பதில் பட்டு நூல். பட்டு மின்சாரத்தைக் கடத்தாது என்று பாடப்புத்தகமே சொல்கிறது. எங்கள் வீட்டிலோ பட்டுக்குப் பஞ்சமே இல்லை. அரக்கு நிறத்தில் நெருக்கமாகச் சுற்றி, ஈரம் இறங்காமல் இருக்க மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். கடைசியில் அந்த நாடாவை எடுத்துக் கட்டப் போனபோது தம்பி தடுத்தான்.

“அக்கா, கட்டுறதை ஜரிகைல கட்டு. நம்ம வூட்டு வண்டின்னு தெரியட்டும்.”

எனக்கும் சிரிப்பு. சேலைக்குக் கரை வைப்பதுபோல இணைப்பின்மேல் நாலு சுற்று ஜரிகை சுற்றி, அதையே இழுத்து இரும்புப் பட்டையோடு முடிச்சுப் போட்டேன். பார்க்க அத்தனை அழகாக இருந்தது. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

ஒரு வாரத்தில் அந்த விளக்குகளுக்கான ஃபியூஸ் போய்விட்டது. “சின்ன ஃபியூஸாப் போட்டு ஏமாத்தியிருக்கார்” என்று சொல்லி, தம்பியைக் கனமானதாகப் போட வைத்ததும் நான்தான். அந்த ஃபியூஸ் என்னிடம் ஏதோ சொல்ல வந்தது. நான் காது கொடுக்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் எனக்குச் செங்கற்பட்டில் ஆசிரியர் கூட்டம். தம்பி வண்டியிலேயே முன்சீட்டில் போனேன். பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்; செங்கற்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஐயம்பேட்டை தாண்டியதும் பனி சுவர்போல நின்றது. விளக்கைப் போட்டான். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், மெழுகுவர்த்தி அணைந்த வாசனை வந்தது. அடுத்து வேறு ஒரு நாற்றம்.

“இன்னாக்கா இது, தலைமுடி கருகுற மாதிரி?” என்று தம்பி கேட்டு முடிப்பதற்குள் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தன. பானெட் இடுக்கில் புகை. அவன் வண்டியை ஓரம் கட்டி, குதித்து இறங்கி, பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தான். நான் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். அந்தத் தாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டோரம் நடுங்கி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. முதல் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த முக்கால் மணி நேரம் எனக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

பயம் கோபமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? இணைப்பு நான் போட்டதாக இருந்தாலும் ஒயர் அவருடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை நேராக டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எலெக்ட்ரீஷியனைப் பார்த்து, “உங்க வேலையால ஒரு பச்சைக் குழந்தை போயிருக்கும்” என்று கத்தினேன். “நான் போட்ட ஒயர் அப்பிடி எரியாதும்மா” என்று மட்டும் சொன்னார். நான் டீச்சர்; யார் பேச்சு எடுபடும்? பத்து நாளில் ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தன.

தம்பியும் வேறு இடத்தில்தான் வண்டியைப் பழுது பார்த்தான். கழற்றிய கருகிய ஒயரை வீட்டில் கொண்டுவந்து போட்டான். குப்பையில் எறியப் போன நான் நின்றேன். ஒயரின் ரப்பர் உருகியிருந்தது சரி. ஆனால் ரப்பர் எரிந்தால் தலைமுடி வாசனை வராதே! அந்த வாசனை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நூலைக் கொளுத்தி, முடி கருகும் வாசனை வந்தால் அசல் பட்டு என்போம். அப்படியானால் முதலில் எரிந்தது நான் சுற்றிய பட்டு.

பட்டு ஏன் எரிய வேண்டும்? ஆவல் தாங்கவில்லை. பள்ளிக்கு எடுத்துப்போய் லென்ஸில் பார்த்தேன். கரியின் நடுவே கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை மணி. ஈயம் என்று நினைத்து நகத்தால் அழுத்தினேன்; பதியவில்லை. அமிலத்தில் கரைத்து உப்புத் தண்ணீர் விட்டேன். தயிர்போலத் திரிந்தது. ஈயமானாலும் இப்படித் திரியும், ஆனால் கொதிக்க வைத்தால் கரைந்துவிடும். கொதிக்க வைத்தேன். கரையவில்லை. ஜன்னல் வெயிலில் வைத்தேன். மெல்ல ஊதாவாகிக் கறுத்தது.

வெள்ளி.

என் ஜரிகை. பட்டு நூலின்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குத்தானே ஜரிகை என்று பெயர்! இழுத்துக் கட்டியதில் அது பட்டுச் சுற்றை அறுத்துக்கொண்டு ஒயர்வரை இறங்கியிருக்கிறது. மறுமுனை இரும்புப் பட்டையில். காரின் இரும்பு உடம்பே பேட்டரிக்குத் திரும்பும் வழி. மின்சாரம் விளக்குக்கே போகாமல் குறுக்கே ஓட நானே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறேன். உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். பிறந்ததிலிருந்து ஜரிகையைச் சேலையாகவே பார்த்த கண்ணுக்கு அது உலோகமாகத் தெரியவே இல்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன. எலெக்ட்ரீஷியனின் கடை காலியாக இருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை பள்ளி விட்டதும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

“டீச்சரம்மா, அன்னிக்கு எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. இப்ப இங்க யார் இருக்காங்க? வண்டிங்கல்லாம் சவாரி போய்க்கினு இருக்குது. காலைல வாங்க.”

காலையில் போனேன். ஸ்டாண்டு நிறைய டிரைவர்கள், டீக்கடைக் கும்பல் வேறு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லும்மா” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நாடாவை எடுத்துவிட்டு ஜரிகை கட்டியது, ஃபியூஸை மாற்றச் சொன்னது, இவர் மேல் பழி போட்டது என்று ஒன்று விடாமல் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் தம்பியின் வண்டியைக் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். “ஈயம் வச்சது நல்ல வேலைதாம்மா. அதை நானும் இனிமே செய்றேன்” என்றார். ஒயரை முறுக்கி ஈயம் வைத்து, புது டேப்பை இழுத்துச் சுற்றி, சின்ன ஃபியூஸையே போட்டு, அதே வெள்ளை நாடாவால் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “இழுங்க” என்றார். எல்லோர் முன்னாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். அசையவில்லை.

வண்டிகள் ஒவ்வொன்றாக அவர் கடைக்குத் திரும்பின. ஒரு டிரைவர் மட்டும் கடைசிவரை திரும்பவில்லை. அது என் கணக்கில் நிற்கிறது.

ஓய்வு பெறும்வரை மின்சாரப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு சாண் ஜரிகையை வகுப்புக்கு எடுத்துப் போவேன். பேட்டரிக்கும் டார்ச் பல்புக்கும் நடுவே அதை வைத்தால் பல்பு எரியும். நெசவுக்கார வீட்டுப் பெண்கள் வாயைப் பிளப்பார்கள். அப்போது இந்தக் கதை முழுவதையும் சொல்வேன், ஸ்டாண்டில் நின்றது உட்பட. இன்றும் எங்கே எது கெட்டுப்போனாலும் யாரையாவது குறை சொல்ல வாய் வருகிறது. அதற்கு முன் அங்கே நான் என்ன கட்டி வைத்தேன் என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.